பாலுக்குக் காய்ச்சலா மாப்ள?

ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டில் பால் ஏன் திரிகிறது? ராஜபாளையத்தில் ஆரம்பித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய் விசாரித்து வந்த ஒரு குடும்பத் தலைவரின் ஒப்புதல் வாக்குமூலம்!

காலை ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தால் மூன்று பேரில் ஒருவர்தான். பேப்பர் பையன், தண்ணீர் வண்டி, அல்லது மாமனார். அன்றைக்கு மாமனார்.

"முதல் பஸ்ஸையே புடிச்சிட்டேன் மாப்ள!" என்றபடி, கையில் பால்கோவா பெட்டியோடு உள்ளே நுழைந்தார். அவர் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் ராஜபாளையத்துக்கும் அதற்கும் சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்து, செட்டிலாகி, மேற்கே மலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவதற்குள் ஊர் வந்துவிடும். ஆகவே மாமனார் வருகைக்கு முன்னறிவிப்பு எல்லாம் கிடையாது.

"முதல்ல ஒரு காபி" என்று உட்கார்ந்தார்.

டிகாக்ஷன் இறங்கிவிட்டது. ஃபிரிட்ஜிலிருந்து முந்தின நாள் பாலை எடுத்து அடுப்பில் வைத்தேன். (ஆமாம், நான்தான்! மனைவி பள்ளிக்கூட டீச்சர். நான் வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். ஆக, சமையலறைக்கு நான்தான் காலை ஷிஃப்ட்.) பால் நன்றாகத்தான் இருந்தது. வாசனையும் சரி, நிறமும் சரி. சூடேறி, ஓரத்தில் குமிழ் விட்டு... திடீரென்று பொலபொலவென்று துண்டு துண்டாகப் பிரிந்து, நடுவே பச்சைத் தண்ணீர் எட்டிப் பார்த்தது!

பாலுக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்த மனிதருக்குக் கடுங்காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார். மாமனார்கள் பாராட்டினால்தான் பயப்பட வேண்டும்.

அந்த வாரத்தில் பால் திரிந்தது அது மூன்றாவது தடவை. திரிந்ததைத் தெருவில் படுத்திருந்த நாய்க்கு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. என்ன இருந்தாலும் ராஜபாளையத்து நாய்! 2005-ல் தபால்தலையிலேயே இடம் பிடித்த ஜாதியாயிற்றே, அந்தத் தோரணை இருக்காதா?

தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு!

ஏழு மணிக்குப் பால் ஊற்றுகிற அக்கா வந்தார். எனக்கு மாமனார் முன்னால் போன மானம் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை.

"அக்கா, என்ன பால் தர்றீங்க? தண்ணி கலக்குறீங்களா, இல்ல முந்தின நாள் பாலா? வாரத்துல மூணு நாள் திரிஞ்சு போகுது. நாளையிலேருந்து வேணாம்!"

அக்கா கேனை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "இதே கேன்ல இருந்துதான் தம்பி எதிர்த்த வீட்டு மில் அண்ணாச்சிக்கும் ஊத்துறேன். அவுக ஒண்ணும் சொல்லலையே..." என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, வேறு எதுவும் பேசாமல் போய்விட்டார்.

அந்த அக்காவுக்கு இரண்டு மாடு. மூத்த பெண் நர்ஸிங் படிக்கிறாள். எங்கள் வீட்டுக்கு நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் மாசத்துக்கு 30 லிட்டர். பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கோபத்தில் இருக்கும்போது கழித்தல் கணக்கு வராது.

மறுநாளிலிருந்து பாக்கெட் பால். மூன்று நாள் ராஜ வாழ்க்கை. நாலாம் நாள் காலை... அதே பொலபொல, அதே பச்சைத் தண்ணீர்!

என் மனைவி அடுப்படி வாசலில் நின்று அமைதியாகக் கேட்டாள்: "என்னங்க, இப்ப யாரு தண்ணி கலந்தாங்க?"

சில கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு போன் போட்டேன்.

மஞ்சப்பைக்குள் ஒரு தெர்மாமீட்டர்

மாமனாருக்கு ஏன் போன் போட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரு பால் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் அவர். விடிகாலையில் கேன்கள் வந்து இறங்குகிற இடத்தில் உட்கார்ந்து, எது தேறும், எது தேறாது என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். வீட்ல தெர்மாமீட்டர் இருக்கா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. வந்ததும் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், சிரிப்பு தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜுரத்துக்கு வைக்கிறதைக் கொடுக்கீங்களே... பாலுக்குக் காய்ச்சலா மாப்ள?"

ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரில் எண்கள் ஆரம்பிப்பதே 35 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான். ஃபிரிட்ஜின் குளிர் அதற்குக் கண்ணிலேயே படாது. மாமனார் தன் மஞ்சப்பையிலிருந்து நீளமான ஒரு தெர்மாமீட்டரை உருவினார். இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றை ஃபிரிட்ஜின் நடுத்தட்டிலும், இன்னொன்றைக் கதவில் பால் வைக்கிற தட்டிலும் வைத்தார். "ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில பார்ப்போம்."

காலையில் பார்த்தோம். நடுத்தட்டு 11 டிகிரி. கதவுத் தட்டு 15 டிகிரி!

பால் கெடாமல் இருக்க வேண்டிய குளிர் எவ்வளவு தெரியுமோ? 4 டிகிரி. பால் சங்கங்களில் இருக்கும் பெரிய குளிர்விப்புத் தொட்டிகளில் பாலை இறக்குவதும் இந்த 4 டிகிரிக்குத்தான்.

"மாப்ள... இது ஃபிரிட்ஜ் இல்ல. லைட் போட்ட பீரோ!" என்றார் மாமனார்.

கூட்டு வட்டிக்கு வளரும் கிருமி

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். மீதியில் கொழுப்பு, புரதம், 'லாக்டோஸ்' என்கிற பால் சர்க்கரை. இந்தச் சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றுகிற கிருமிகள் உண்டு. தயிராக்குகிற கூட்டமும் இந்த வம்சம்தான். நாம் கூப்பிட்டு உறை ஊற்றினால் அது தயிர். கூப்பிடாமல் வந்தால் திரிந்த பால்!

பால் புளிப்பதற்கு உயிருள்ள நுண்கிருமிதான் காரணம் என்று 1857-ல் எடுத்துச் சொன்னவர் லூயி பாஸ்டர். 1878-ல் அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டியவர் இங்கிலாந்து டாக்டர் ஜோசப் லிஸ்டர். ஆபரேஷன் அறையில் கிருமியை ஒழித்தால் காயம் சீழ் பிடிக்காது என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த அதே லிஸ்டர்! எங்கள் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறி தறியாக பேண்டேஜ் துணி நெய்கிறார்களே, அந்தத் தொழிலுக்கும் என் வீட்டுத் திரிந்த பாலுக்கும் நடுவில் இப்படி ஒரு சொந்தம் இருப்பது மாமனாருக்கே புதுச் செய்தி.

இனி என் சப்ஜெக்ட். 12 சதவீத கூட்டு வட்டியில் போட்ட பணம் இரட்டிப்பாக 6 வருஷம் ஆகும். நம் ஊர் வெயிலில் பாலில் இருக்கும் கிருமி அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆயிரம் கிருமி இருந்தால், ஐந்து மணி நேரத்தில் பத்து தடவை இரட்டித்து 10,24,000! எந்த ஃபைனான்ஸ் கம்பெனி இந்த வட்டி கொடுக்கும்? கொடுக்கிறேன் என்று சொன்னால் ஓடி வந்துவிடுங்கள்.

4 டிகிரி குளிரில் இந்த வட்டி விகிதம் அடிமட்டத்துக்கு விழுந்துவிடுகிறது. ஒரு தடவை இரட்டிக்கவே பல மணி நேரம் பிடிக்கிறது. கவனியுங்கள்: குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. சில கிருமிகள் தூங்குவதும் இல்லை. குளிரிலேயே மெல்ல வளர்ந்து, சில நாளில் பாலைக் கசக்க வைக்கிற ரகமும் உண்டு. ஆகவே ஃபிரிட்ஜ் என்பது பாலுக்கு ஆயுள் காப்பீடு அல்ல. கொஞ்ச நாள் தவணை நீட்டிப்பு, அவ்வளவே.

"அதெல்லாம் சரி மாமா. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுக்கும்போது பால் நல்லாத்தானே இருந்துச்சு? அடுப்புல வச்சதும் ஏன் திரியணும்?" என்று கேட்டேன்.

"அப்படிக் கேளுங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பால் நாக்குக்குப் புளிப்பதற்கு முன்பே அதில் கொஞ்சம் அமிலம் சேர்ந்துவிடுகிறது. குளிர்ந்த பாலில் புரதம் அதைத் தாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும். சூடு ஏறினால் தாங்காது, உடனே திரண்டுவிடும். அதாவது, அடுப்பு பாலைக் கெடுப்பதில்லை. கெட்ட பாலைக் காட்டிக்கொடுக்கிறது. பால் சங்கங்களில் இதையே பரீட்சையாக வைத்திருக்கிறார்கள். சோதனைக் குழாயில் 5 மில்லி பாலை ஊற்றிக் கொதிநீரில் 5 நிமிஷம் வைப்பார்கள். திரண்டால், அந்தக் கேன் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

"கேன் திரும்புச்சுன்னா அந்த வீட்ல அன்னிக்கு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும் மாப்ள. அதனால நாங்க ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் வேண்டாம்போம்" என்றார் மாமனார்.

அவர் என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால், குத்தியது.

குற்றவாளி யார்?

மாமனார் ஆடிட் ஆரம்பித்தார். பி.காம்.காரன் வீட்டிலேயே ஆடிட்!

குற்றம் ஒன்று. ஃபிரிட்ஜுக்குள் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு '1'-ல் நின்றது. வைத்தவன் அடியேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் நம் ஊர் மின் கட்டணத்தில் படிக்கட்டே மாறிவிடும் அல்லவா? மார்கழிக் குளிரில் ஃபிரிட்ஜுக்கு எதற்கு இவ்வளவு வேலை என்று சிக்கனமாகக் குறைத்து வைத்தேன். மார்கழி போய், தை போய், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருகு இன்னும் மார்கழியிலேயே இருக்கிறது! (எண் கூடக் கூடக் குளிர் கூடும். பல பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.)

குற்றம் இரண்டு. மாமனார் ஒரு நூறு ரூபாய் நோட்டு கேட்டார். ஃபீஸ் வாங்குகிறாரோ என்று பயந்துகொண்டே கொடுத்தேன். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைப் பிடித்து இழுத்தார். நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் இறுக்கமாக இருந்தால் நோட்டு கெட்டியாகப் பிடிபட வேண்டும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, டோர் ரப்பர் செத்துப் போச்சு. கரண்டை எல்லாம் அடுப்படிக்கு ஏ.சி. போடத்தான் செலவழிச்சிருக்கீங்க" என்றார். 500 யூனிட் சிக்கனம் இந்த லட்சணத்தில்!

குற்றம் மூன்று. பாலைக் கதவுத் தட்டில் வைத்தது. கம்பெனிக்காரனே பாட்டில் வைக்க வாகாகச் செய்து கொடுத்திருக்கிறானே என்கிறீர்களா? கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்றை முதலில் வாங்குவது அந்தத் தட்டுதான். எங்கள் வீட்டு வாரிசு, ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு, 'என்ன எடுக்க வந்தோம்' என்று நின்று யோசிக்கிற ரகம். வெயில் காலத்தில் யோசனை கூடுதலாகவே வருகிறது. பாலுக்கு இடம் உள்தட்டில், பின்பக்கம் ஒட்டி.

குற்றம் நான்கு. காலையில் காய்ச்சிய பாலை 'ஆறட்டும்' என்று மேடையில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால், எனக்கு ஞாபகம் வருவது மதியச் சாப்பாட்டுக்குத்தான். இந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான் மேலே 10,24,000 கணக்குப் போட்டோம். "காய்ச்சினா எல்லாம் செத்துரும்னு நினைக்காதீங்க மாப்ள. சில கிருமி விதை மாதிரி ஓடு போட்டுக்கிட்டு உசுரோட உக்காந்திருக்கும். பால் வெதுவெதுன்னு ஆனதும் முளைச்சிரும். போதாததுக்கு நீங்க வேற கரண்டியைப் போட்டு எடுக்கீங்க." காய்ச்சிய பாத்திரத்தை அகலமான தாம்பாளத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதில் வைத்து, தண்ணீரை இரண்டு தடவை மாற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். ஆறியதும் மூடி உள்ளே வைக்க வேண்டியதுதான். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கூடாது. 32 டிகிரிக்கு மேல் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரமே அதிகம்.

குற்றம் ஐந்துதான் பெரிய குற்றம். முந்தின நாள் மிச்சப் பாலோடு புதுப் பாலை ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலந்தது. கணக்குப் புத்தகத்தில் பழைய பாக்கியை முன்னால் எழுதி, புது வரவைக் கூட்டுவது முறை. பாலில் அப்படிச் செய்தால் பழைய கிருமி பாக்கி அப்படியே புதுப் பாலுக்கு மாறிவிடும். அக்கா கொண்டுவந்த நல்ல பாலை, நேற்றைய பாலை ஊற்றி நானே கெடுத்திருக்கிறேன். பிறகு கெட்டுவிட்டது என்று அவரையே திட்டியிருக்கிறேன்.

ஐந்து குற்றம். ஐந்திலும் முதல் எதிரி நான். அக்கா பெயர் ஒன்றில்கூட இல்லை.

ஃபிரிட்ஜ் இல்லாத ஊரில்...

"கிளம்புங்க, ஒரு எடத்தைக் காட்டுறேன்" என்று மாமனார் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றினார். ஆண்டாள் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு சந்துக்குள் கூட்டிப் போனார். பால்கோவா போடுகிற இடம். உள்ளே அனல்!

விறகடுப்பின் மேல் அகலமான இரும்புச் சட்டி. நீளத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கிளறுகிறார், கிளறுகிறார், நிறுத்தவே இல்லை. விட்டால் அடிபிடித்துவிடும். நெற்றி வியர்வை சட்டியில் விழாமல் தோளில் துண்டு. பால் சுண்டச் சுண்ட சர்க்கரை விழுகிறது. கடைசியில் இளமஞ்சளாகத் திரண்டு வருகிறது, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா.

"மாப்ள, இதுதான் அந்தக் காலத்து ஃபிரிட்ஜ்" என்றார் மாமனார்.

யோசித்தால் உண்மைதான். பத்து லிட்டர் பாலில் தண்ணீரை எடுத்துவிட்டால் நிற்கும் சரக்கு ஒன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அதில் சர்க்கரையும் சேர்ந்தால், கிருமி குடிக்கத் தண்ணீரே கிடைக்காது. தண்ணீர் இல்லாத ஊரில் யார் குடியிருப்பார்கள்? காலையில் கறந்து மாலையில் கெட வேண்டிய பால், கரண்டும் ஐஸும் இல்லாமல் சில நாள் தாங்குகிறது. மாடு நிறைய, பால் மிச்சம், வெயில் கடுமை என்று இருக்கும் ஊரில் பாலைக் காப்பாற்ற நம்மவர்கள் கண்ட வழிகள் இவைதான். தயிராக்கு, வெண்ணெய் எடு, நெய்யாக உருக்கு, இல்லாவிட்டால் சுண்டக் காய்ச்சு. மார்கழி நோன்புக்கு நெய்யும் வேண்டாம், பாலும் வேண்டாம் என்று ஆண்டாள் திருப்பாவையில் சொன்ன ஊரிலேதான் பாலுக்கு இவ்வளவு மரியாதை!

குளிர் என்பது அந்தக் காலத்தில் துரைமார் சமாசாரம். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் பாளம் பாளமாக வெட்டிய ஐஸைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து சென்னைக் கடற்கரையில் இறக்கி, அதற்கென்றே 1842-ல் 'ஐஸ் ஹவுஸ்' கட்டினார்கள். இன்று விவேகானந்தர் இல்லமாக இருப்பது அதே கட்டடம்தான். இந்தியாவிலேயே ஃபிரிட்ஜ் செய்ய ஆரம்பித்தது 1958-ல், கோத்ரெஜ் கம்பெனி. நம் தெருவுக்கு வந்து சேர இன்னும் பல வருஷம் ஆயிற்று. வந்த பிறகும் என்ன? 2012-ல் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இல்லாமல் தவித்தோமே, அப்போது ஃபிரிட்ஜ் எல்லாம் அலமாரியாகத்தானே நின்றது! கரண்ட் போனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். கதவைத் திறக்காமல் இருப்பது. மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். 'உள்ளே குளிர் இருக்கிறதா' என்று திறந்து திறந்து பார்த்தால் இருக்காது!

துடுப்பு போட்டுக்கொண்டிருந்தவரிடம், "பால் கொஞ்சம் பழசா இருந்தா கோவா வருமாண்ணே?" என்று கேட்டேன்.

கிளறுவதை நிறுத்தாமல் சொன்னார்: "சட்டிக்குத் தெரிஞ்சிரும் சார். ஆனா சட்டியில ஊத்துன பெறகு தெரிஞ்சு என்ன செய்ய? முன்னாடியே கொஞ்சம் காய்ச்சிப் பார்த்துக்கிடுவோம்."

எனக்கு என் சமையலறை ஞாபகம் வந்தது. முன்னாடியே பார்த்துக்கொள்ளாதவன் நான்.

வெட்டி ஒட்டிக்கொள்ள ஒரு பெட்டி!

(கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டுங்கள். உள்ளே அல்ல, வெளியே!)

* பாக்கெட் பாலை பாஸ்டர் முறையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, உடனே குளிர வைத்து அனுப்புகிறார்கள். அதோடு கிருமி ஜீரோ ஆகிவிடாது. வாசல் கேட்டில் மாட்டிய பையில் எட்டு மணி வரை தொங்கவிட்டால் அந்தக் குளிரெல்லாம் வீண். கடைக்குப் போனால் பாலைக் கடைசியில் வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் உள்ளே வையுங்கள்.

* கறந்த பாலை வந்த உடனே காய்ச்சுங்கள். காய்ச்சாமல் குடிப்பது எந்த வயதிலும் வேண்டாம்.

* அட்டைப் பெட்டியில் வருகிற பாலை 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடேற்றி, கிருமி இல்லாத பெட்டியில் அடைக்கிறார்கள். பிரிக்காத வரை வெளியே வைக்கலாம். பிரித்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான், ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும்.

* பால் பாத்திரத்துக்கென்று தனிக் கரண்டி. பாத்திரத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பது கிருமியின் சொந்த வீடு. தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, ஈரமில்லாமல் கவிழ்த்து வையுங்கள்.

* மூடி இல்லாத பால் பக்கத்து வீட்டு வாசனையை இழுக்கும். வெங்காயம் வைத்தால் வெங்காயப் பால். எங்கள் ஊர் சப்பட்டை மாம்பழத்தை வைத்தால், செலவில்லாமல் மாம்பழப் பால்!

* திரியாமல் இருக்க ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவது சில வீடுகளில் வழக்கம். அது அமிலத்தைத்தான் மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. கெட்ட பாலுக்குப் பவுடர் பூசுகிற வேலை. வேண்டாம்.

* ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் சூடு போக வழி வேண்டும். உள்ளே திணிக்கவும் திணிக்காதீர்கள். குளிர்காற்று நடமாட இடம் வேண்டும்.

* வாரம் ஒரு தடவை டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 4 டிகிரி இருந்தால் சரி. (ஜுரத்துக்கு வைப்பது அல்ல. எழுதுகிறவர் அனுபவசாலி.)

பாக்கி வரவு

புது ரப்பர் போட்டாயிற்று. திருகை நடுவுக்குக் கொண்டுவந்தாயிற்று. மூன்றாம் நாள் நடுத்தட்டில் 4 டிகிரி. முந்தின நாள் பால் அடுப்பில் ஏறி, பொங்கி, ஏடு கட்டி, நல்ல பாலாகவே இறங்கியது. மனைவி காபியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்த அக்காவைப் பார்த்தீங்களா?" என்றாள்.

பார்க்கவில்லை. தப்பைக் கண்டுபிடிக்க மஞ்சப்பையும் தெர்மாமீட்டரும் போதும். அதை ஒப்புக்கொள்ளத் தெருமுனை வரை நடக்க வேண்டியிருக்கிறது. அது 12 கிலோமீட்டரைவிடத் தூரம்.

மறுநாள் நடந்தேன். அக்கா தொழுவத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பால்ல ஒண்ணும் தப்பில்ல. எங்க ஃபிரிட்ஜ்லதான் கோளாறு. ஃபிரிட்ஜ்லன்னு சொல்றதை விட... என்கிட்டதான். பார்க்காம, கேட்காமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

அக்கா கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். நிதானமாகத்தான் பேசினார். "பால் வேணாம்னீங்க, அது பரவால்ல தம்பி. எவ்வளவோ பேரு நிப்பாட்டுவாங்க. தண்ணி கலந்தேன்னீங்க பாருங்க... எம் பொண்ணு உள்ள படிச்சுக்கிட்டு இருந்தா, அவகிட்ட நான் சொல்லவே இல்ல."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"உங்க ஒரு லிட்டரை இப்ப வேற வீட்டுக்கு ஊத்துறேன். சினைமாடு ஒண்ணு நிக்குது. கன்னு போடட்டும், பார்ப்போம்" என்று உள்ளே போய்விட்டார்.

மாடு கன்று போட்டது. நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு வாசலில் பழைய குரல். ஓடிப் போய்ப் பார்த்தால், அக்கா கையில் மூடி போட்ட சின்னத் தூக்குவாளி. உள்ளே மஞ்சளாக, கெட்டியாக, சீம்பால்.

"வெல்லம், ஏலக்காய் போட்டு ஆவியில வையுங்க தம்பி. வாடிக்கைப் பால் ஒண்ணாந்தேதியிலேருந்து கொண்டாறேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், "ஃபிரிட்ஜ்ல வைக்கணுமாக்கா?" என்று கேட்டு வைத்தேன்.

படியிறங்கியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இதை உடனே அடுப்புல ஏத்திருங்க. சூடு பட்டதும் கட்டி கட்டியாத் திரியும். இது திரிஞ்சாத்தான் நல்ல பாலு. அதுக்கும் என்னைத் திட்டிப்புடாதீங்க தம்பி!"